மறைமொழி வென்ற மதி: ஆலன் டூரிங்

தோற்றுவாய்

ஒற்றரும் அறநூலும் ஆள்வோனுக்கு இரு கண்களாதல் வேண்டும் என்பது வள்ளுவப் பெருந்தகை காட்டிய நெறி. திருக்குறளின் ஐம்பத்தொன்பதாம் அதிகாரமாகிய ஒற்றாடல், உளவுப்பணியின் இலக்கணத்தைப் பத்துக் குறட்பாக்களில் வகுத்துரைக்கின்றது. துறவியின் கோலம் பூண்டு வேற்றுநாடு புகுந்து, கண்டதையும் கேட்டதையும் நெஞ்சிற் பதித்துக்கொண்டு மீண்டவனே அன்றைய ஒற்றன். அவனுடைய காலும் கண்ணும் செவியுமே அவனுக்குக் கருவிகள். இன்றோ கடலடி வடங்களிலும் வான்வெளியிலும் இடையறாது ஓடும் செய்திகளைக் கணிப்பொறிகளே சலித்தெடுக்கின்றன. காலால் நடந்த ஒற்றுக்கும் கணிப்பொறி நடத்தும் ஒற்றுக்கும் இடையே ஒரு பெருவாயில் உண்டு. அவ்வாயிலைத் திறந்தவருள் தலையாயவர் ஆலன் மாத்திசன் டூரிங் என்னும் ஆங்கிலேயக் கணித மேதை.

கணிப்பொறி அறிவியலின் தந்தையருள் ஒருவர் என்ற அளவில் அவரை மாணவர் பலரும் அறிவர். தமிழ்த்துறை மலரில் அவருக்கு என்ன இடம் என்ற வினா எழலாம். அவர் வென்றது எழுத்துகளுக்குள் மறைந்திருந்த பொருளை. அவ்வகையில் அவர் பணி மொழியோடு தொடர்புடையது. அதனினும் பெரியதொரு காரணமும் உண்டு. பிறர் மறைகளைத் திறக்கும் ஆற்றலைத் தம் நாட்டுக்கு ஈந்த அவரே, தம் அந்தரங்கம் அந்நாட்டின் கையில் அகப்பட்டு வீழ்ந்தார். கைப்பேசி இல்லாத கையே அரிதாகிவிட்ட இந்நாளில், அவ்வாழ்வு நம் ஒவ்வொருவருக்கும் உரிய பாடமாகின்றது.

பாக்தாத் இட்ட அடித்தளம்

டூரிங்கின் பணியை உணர்ந்துகொள்ள, அவருக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்திய பாக்தாத் நகருக்குச் செல்லுதல் வேண்டும். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாசியக் கலீபாக்களின் ஆட்சியில் வாழ்ந்த பேரறிஞர் அபூ யூசுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தி, மறைமொழியை அவிழ்க்கும் முறை பற்றித் தனிநூல் ஒன்று யாத்தார். அதன் படி இஸ்தான்புல் நகரின் சுலைமானிய்யா நூலகச் சுவடிகளுக்கிடையே கிடந்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் உலகறிய வெளிப்பட்டது.

அல்-கிந்தி கண்ட உண்மை எளியது, ஆயினும் ஆழமானது. எந்த மொழியிலும் எழுத்துகள் ஒரே அளவாகப் பயில்வதில்லை. தமிழை எடுத்துக்கொண்டால் ககரமும் தகரமும் அடிக்கடி வரும். ஙகர உயிர்மெய் அரிதினும் அரிதாகவே வரும். ஒரு மறைமடலில் எந்தக் குறி மிகுதியாக வருகின்றது என எண்ணி, அம்மொழியில் மிகுதியாகப் பயிலும் எழுத்தோடு பொருத்திப் பார்த்தால் மறை மெல்ல மெல்ல அவிழும். மொழியைக் கணக்காக நோக்கிய இம்முறையே பிற்கால மறைமொழி ஆய்வு அனைத்திற்கும் அடித்தளம் ஆயிற்று.

சொல்லாராய்ச்சியாளர்க்குச் சுவை தரும் செய்தியொன்றும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. வெறுமையையும் பூச்சியத்தையும் குறிக்கும் சிஃப்ர் என்னும் அரபுச் சொல்லே ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து, பூச்சியத்துக்கும் மறைமொழிக்கும் பெயராகிச் சைபர் என வழங்கியது. நம் முன்னோர் கணக்கில் சைபர் என்று சொன்னதும் அச்சொல்லே. இணையக் குற்றத்தைச் சுட்ட இன்று நாம் எழுதும் சைபர் என்பதோ கிரேக்க வேரிலிருந்து வந்த வேறொரு சொல். ஒலியால் ஒன்றாகித் தமிழில் இரண்டும் ஒரே வடிவில் வழங்குகின்றன.

சென்னை மாகாணத்துக் குடும்பம்

டூரிங்கின் குடும்பத்துக்கும் நம் மண்ணுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அவருடைய தாயார் எத்தல் சாரா ஸ்டோனி 1881இல் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் எட்வர்டு வாலர் ஸ்டோனி சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றியவர். தந்தையார் ஜூலியஸ் டூரிங் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் அலுவல் புரிந்தவர். மூத்த மகன் ஜான் 1908இல் குன்னூரில் பிறந்தார். ஆலன் மட்டும் 1912ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் இலண்டனில் பிறந்தார்.

இந்தியாவின் வெப்பம் குழந்தைகட்கு ஆகாது என்று கருதிய பெற்றோர், பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்தின் கடற்கரை ஊரொன்றில் ஓய்வுபெற்ற படை அலுவலர் ஒருவரின் இல்லத்தில் விட்டுச் சென்றனர். எனவே ஆலனின் இளமை பெற்றோரின் அணைப்பு அருகிய இளமையாகவே கழிந்தது. தனிமையும், பிறர் கூறுவதை அப்படியே ஏற்காமல் தாமே ஆராய்ந்து பார்க்கும் இயல்பும் அவரிடம் சிறுவயதிலேயே வேரூன்றின.

கல்வியும் நட்பும்

1926ஆம் ஆண்டு மே மாதம், பதின்மூன்று வயதில், ஷெர்போர்ன் பள்ளியில் சேரப் புறப்பட்டார். அந்நாளில் பிரிட்டன் முழுவதும் பொதுவேலைநிறுத்தம். இரயில் ஓடவில்லை. சிறுவர் ஆலனோ சற்றும் தளராமல், சௌத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 60 மைல் தொலைவை மிதிவண்டியிலேயே கடந்து, இடையில் ஓர் இரவு விடுதியில் தங்கிப் பள்ளியை அடைந்தார். எடுத்த கருமத்தை எவ்வாறேனும் முடிக்கும் அவருடைய உறுதிக்கு இந்நிகழ்ச்சி சான்று.

பழமொழிகளுக்கும் இலக்கியங்களுக்கும் முதன்மை தந்த அப்பள்ளியில் அவருடைய கணித நாட்டம் பெரிதாக மதிக்கப்படவில்லை. அங்கே அவருக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் கிறிஸ்டோபர் மார்க்கம் என்னும் மாணவரின் நட்பு. விண்ணியலிலும் கணிதத்திலும் ஒத்த வேட்கை கொண்டிருந்த அந்நண்பர் 1930ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் காசநோயால் மறைந்தார். அப்பிரிவு டூரிங்கின் உள்ளத்தை உலுக்கியது. மனிதனின் அறிவு உடலோடு எவ்வாறு பிணைந்துள்ளது, உடல் நீங்கியபின் அவ்வறிவு என்னாகும் என்னும் வினாக்கள் அவரைச் சூழ்ந்துகொண்டன. பொறி சிந்திக்குமா எனப் பிற்காலத்தில் அவர் எழுப்பிய வினாவின் வித்து இவ்விழப்பிலேயே இருந்தது எனக் கருதுவாரும் உளர்.

1931இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1935இல், இருபத்திரண்டு வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எண்ணத்தில் எழுந்த எந்திரம்

1936இல் டூரிங் எழுதிய ஆய்வுரை, கணித உலகின் அடிப்படை வினாவொன்றுக்கு விடை காண முற்பட்டது. எந்தக் கணிதக் கூற்றையும் மெய்யென நிறுவ இயலுமா இயலாதா என்று முடிவுகூற வல்ல பொதுவழி ஒன்று உண்டா என்பதே அவ்வினா. அதனை ஆராயும் பொருட்டு அவர் மனத்திலேயே ஓர் எந்திரத்தை அமைத்தார். முடிவில்லாத நாடா ஒன்று. அது கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். எந்திரம் ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் நோக்கும்; அதிலுள்ள குறியைப் படிக்கும், அழிக்கும், புதிய குறியை எழுதும், இடமோ வலமோ நகரும். எழுத்தறிந்தோர் தாளில் கணக்கிடும் செயலைச் சிறுசிறு அசைவுகளாகப் பகுத்தால் எஞ்சுவது இவ்வளவே என்பதை அவர் கண்டார்.

இதனினும் வியப்பான கருத்து அவ்வுரையில் உண்டு. கூட்டுவதற்கு ஒரு பொறி, பெருக்குவதற்கு வேறு பொறி எனச் செய்ய வேண்டுவதில்லை. செய்முறைக் கட்டளைகளையும் குறிகளாக எழுதி நாடாவில் இட்டால், ஒரே பொறி எல்லாப் பணியையும் செய்யும். இன்றைய கணிப்பொறி அனைத்தும் இக்கருத்தின் உருவங்களே. அதே உரையில், எந்தப் பொறியாலும் தீர்க்கவியலாத வினாக்கள் உண்டு என்பதையும் டூரிங் நிறுவினார். கணிப்பொறியின் பேராற்றலைக் காட்டியவரே அதன் எல்லையையும் காட்டினார் என்பது மறத்தற்கரியது.

பின்னர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலோன்சோ சர்ச்சிடம் பயின்று 1938இல் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் மீண்டார்.

எனிக்மாவின் புதிர்

அப்போது ஐரோப்பாவில் போர்மேகம் சூழ்ந்திருந்தது. ஜெர்மானியப் படைகள் எனிக்மா என்னும் மறைமொழிப் பொறியைக் கையாண்டன. தட்டச்சுப் பொறியை ஒத்த அதில் ஓர் எழுத்தை அழுத்தினால், சுழலும் உருளைகளின் வழியே மின்னோட்டம் பாய்ந்து வேறோர் எழுத்தில் விளக்கு எரியும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் உருளை நகர்வதால் அதே எழுத்து அடுத்த முறை மற்றொன்றாக மாறும். ஆகவே எழுத்துகளை எண்ணிப் பார்க்கும் அல்-கிந்தியின் பழைய வழி இங்கு நேராகப் பயன்படவில்லை. அப்பொறியை அமைக்கக்கூடிய வகைகளோ 159 என்னும் எண்ணை அடுத்துப் பதினெட்டுச் சுழியம் இட்டால் வரும் தொகைக்கு அண்மையானவை. அவ்வமைப்பும் நாள்தோறும் மாற்றப்பட்டது.

இப்புதிரை முதன்முதலில் உடைத்த பெருமை போலந்து நாட்டவர்க்கே உரியது. மரியன் ரெஜெவ்ஸ்கி என்னும் கணித அறிஞர் 1932ஆம் ஆண்டின் இறுதியில் கணித வழியிலேயே எனிக்மாவின் உள்ளமைப்பைக் கண்டறிந்தார். தம் நாடு தாக்கப்படும் என உணர்ந்த போலந்தினர், 1939 சூலையில் தம் அரும்பொருளைப் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கையளித்தனர். ஏணியாய் நின்ற அவர்களை ஏறியவர் புகழில் மறந்துவிடலாகாது.

பிளெட்ச்லி பூங்காவில்

1939 செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டன் போர் அறிவித்தது. மறுநாளே டூரிங், பிளெட்ச்லி பார்க் என்னும் மாளிகையில் இயங்கிய அரசின் மறைமொழி நிலையத்தில் பணிமேற்கொண்டார். மொழியறிஞரும் கணித வல்லாரும் சதுரங்க வீரரும் அங்கே ஒன்றுகூட்டப்பட்டனர். போர் முடியும் தறுவாயில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் அந்நிறுவனத்தில் பணிபுரிந்தனர். அவருள் நான்கில் மூவர் பெண்டிர்.

டூரிங் கண்ட வழி இது. ஜெர்மானியச் செய்திகளில் வானிலை அறிக்கை, படை அலுவலரை விளிக்கும் முறை போன்றவை ஒரே வாய்பாட்டில் அமைந்திருந்தன. எனவே மறைமடலின் இன்ன பகுதியில் இன்ன சொல் இருக்கக்கூடும் என ஊகிக்கலாம். எனிக்மாவில் எந்த எழுத்தும் தன்னையே தனக்கு மறையெழுத்தாகப் பெறாது. அக்குறைபாடு ஊகத்தைச் சரியான இடத்தில் பொருத்த உதவியது. பின்னர் அவ்வூகத்தோடு முரண்படும் அமைப்புகளையெல்லாம் ஒரு பொறி விரைந்து தள்ளிவிடும்; எஞ்சுபவற்றை மனிதர் ஆராய்வர். பாம்ப் எனப் பெயர் பெற்ற அப்பொறி வெடிகுண்டன்று; உருளைகள் சுழலும் பெரியதோர் அலமாரி. அதன் முதற்படிவம் 1940 மார்ச்சில் நிறுவப்பட்டது. கோர்டன் வெல்ச்மன் வழங்கிய திருத்தம் அதன் விரைவைப் பன்மடங்காக்கியது. போரின் முடிவில் இத்தகைய பொறிகள் இருநூற்றுக்கு மேல் இயங்கின.

இங்கேதான் உளவுப்பணியின் இயல்பு மாறியது. ஒற்றன் ஒருவன் கொணரும் ஒரு செய்திக்காகக் காத்திருந்த நிலை போய், நாள்தோறும் வந்து குவியும் ஆயிரக்கணக்கான செய்திகளைப் பொறியால் பகுத்தறியும் நிலை வந்தது. உளவு, தனிமனிதத் துணிவு என்ற நிலையிலிருந்து ஆலைத்தொழில் போன்றதொரு கூட்டுழைப்பாக வளர்ந்தது.

கடற்போரும் காணாச் சமரும்

உணவுக்கும் எரிபொருளுக்கும் கடல்வழியை நம்பியிருந்த பிரிட்டனை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் நெருக்கின. ஏனைய படைகளின் மறைமொழியைவிடக் கடற்படையின் மறைமொழி கடினமானது. அதனை ஏற்க எவரும் முன்வராதபோது டூரிங் தாமே ஏற்று, எட்டாம் குடில் என்னும் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். ஜோன் கிளார்க் என்னும் கணித அறிஞர் அங்கு அவருடன் பணியாற்றியவருள் ஒருவர். ஊகங்களின் வலிமையை எண்ணால் அளந்து ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கும் நிகழ்தகவு முறை ஒன்றையும் டூரிங் வகுத்தார்.

அறிவு மட்டுமே அங்கு வெற்றி தரவில்லை. 1942 பிப்ரவரியில் அட்லாண்டிக் நீர்மூழ்கிகளின் எனிக்மாவில் நான்காவது உருளை சேர்க்கப்பட்டது. பத்துத் திங்கள் பிளெட்ச்லி ஏறத்தாழக் கண்ணிழந்து நின்றது. கப்பல்கள் பல கடலில் ஆழ்ந்தன. அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள், மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த யூ-559 என்னும் நீர்மூழ்கியினுள் இறங்கி மறைமொழி ஏடுகளை மீட்டுத் தந்த ஃபாசன், கிரேசியர் என்னும் கடற்படையினர் இருவர் அக்கலத்தோடே மூழ்கி உயிர்நீத்தனர். அவ்வேடுகளின் துணையால் டிசம்பரில் மறை மீண்டும் அவிழ்ந்தது. பொறியின் வெற்றிக்குப் பின்னே மனிதரின் ஈகம் இருந்தது என்பது நெஞ்சிற் கொள்ளத்தக்கது.

ஒரு பிழையான கருத்தையும் இவண் நீக்குதல் நலம். டிஜிட்டல் எனப்படும் எண்முறை மின்னணுப் பொறியாகப் பிளெட்ச்லியில் எழுந்த கொலோசஸ் டூரிங் அமைத்ததன்று. ஜெர்மானியத் தலைமையகம் கையாண்ட லோரன்ஸ் என்னும் வேறொரு மறைமொழியின் அமைப்பைப் பில் டட் கண்டறிந்தார். அதனை உடைக்கும் பொறி வேண்டுமென மேக்ஸ் நியூமன் முயன்றார். அஞ்சல் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் அதனை ஆக்கித் தந்தார். 1944 பிப்ரவரியில் பணிதொடங்கிய கொலோசஸ், நொடிக்கு ஐயாயிரம் எழுத்துகளைப் படித்தது. அம்மறைமொழியை உடைக்க டூரிங் வகுத்த கைம்முறையும் முன்னதாகத் துணைசெய்தது. பெரும்பணி எதுவும் ஒருவரால் மட்டும் முடிவதன்று.

சிறப்பறியாச் சேவை

ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்தால் மறைபொருளைத் தானே வெளியிட்டதாகும் என எச்சரித்து வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தை முடிக்கின்றார். பிரிட்டன் அவ்விதியை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றியது எனலாம். 1946இல் டூரிங்குக்கு அரச விருதொன்று வழங்கப்பட்டது. எதற்காக என்பது சொல்லப்படவில்லை. பிளெட்ச்லியில் பணியாற்றியோர் கணவனிடமும் மனைவியிடமும்கூட வாய்திறவாது வாழ்ந்தனர். 1974இல் வின்டர்பாதம் என்னும் முன்னாள் அலுவலரின் நூல் வெளிவந்த பின்னரே பொதுமக்கள் அம்மறைபொருளை அறிந்தனர்.

போருக்குப் பின் டூரிங் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் முழுமையான மின்னணுக் கணிப்பொறிக்கு வரைவு அளித்தார். 1948இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்றார். 1950இல், பொறி சிந்திக்குமா என ஆராயும் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். மறைந்திருந்து எழுத்தால் உரையாடும் பொறியை மனிதனிடமிருந்து வேறுபடுத்திக் காண இயலாதாயின் அதனை அறிவுடையதாகக் கொள்ளலாமா என அதில் வினவினார். 1951இல் அரசக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1947இல் மாரத்தான் ஓட்டத்தை இரண்டு மணி நாற்பத்தாறு நிமிடத்தில் ஓடி முடித்த உடலுரமும் அவருக்கு இருந்தது. நாட்டின் மறைமொழித் துறையும் அவ்வப்போது அவருடைய அறிவுரையை நாடியது.

அந்தரங்கம் அம்பலமானது

1952 சனவரியில் டூரிங்கின் இல்லத்தில் திருட்டு நிகழ்ந்தது. குற்றம் அறியாத உள்ளத்தோடு அவரே காவல்துறையிடம் முறையிட்டார். புலனாய்வு திருடனைவிட்டு முறையிட்டவரை நோக்கித் திரும்பியது. மற்றோர் ஆடவரோடு அவருக்கிருந்த உறவு வெளிப்பட்டது. அந்நாளைய ஆங்கிலச் சட்டம் அதனைக் குற்றமெனக் கொண்டது. அவ்வாண்டு மார்ச் 31ஆம் நாள் தண்டிக்கப்பட்டார். சிறையா, ஓராண்டுக் காலம் உடலியல்பை மாற்றும் சுரப்புநீர் மருந்தா எனக் கேட்கப்பட்டபோது மருந்தை ஏற்றார். அது அவருடைய உடலை வருத்தியது. போர்க்காலத்தில் அவர் ஆற்றிய பணியின் விவரத்தை மன்றத்தில் விரித்துரைக்கவும் வழியில்லை. நாட்டின் மறை அதனைத் தடுத்தது.

1951இல் பிரிட்டனின் அயலுறவுத்துறை அலுவலர் இருவர் சோவியத் நாட்டுக்குத் தப்பியோடியிருந்ததால் எங்கும் ஐயம் படர்ந்திருந்த காலம் அது. மறைக்கத்தக்க வாழ்வுடையோரை எதிரி அச்சுறுத்தி வசப்படுத்தலாம் என உளவுத்துறை கருதியது. மறைமொழிப் பணியிலிருந்து டூரிங் விலக்கப்பட்டார். 1954 சூன் 7ஆம் நாள் வில்ம்ஸ்லோ ஊரில் தம் இல்லத்தில் சயனைடு நஞ்சால் இறந்தார். அவருக்கு அப்போது வயது 41. தற்கொலை என விசாரணை முடிவு கூறியது. வேதிப்பொருள் ஆய்வில் நேர்ந்த விபத்தென்று அவருடைய அன்னையார் இறுதிவரை நம்பினார். போத்தனூரில் பிறந்த அவ்வன்னை 1959இல் தம் மகனின் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார். மகன் போரில் என்ன செய்தார் என்பதை முழுதும் அறியாமலே அந்நூலை எழுத வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது.

2009இல் பிரிட்டன் பிரதமர் கோர்டன் பிரவுன் அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021இல் ஐம்பது பவுண்டுத் தாளில் அவருடைய உருவம் இடம்பெற்றது. இவையனைத்தும் அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னர் வந்தவை.

அவருக்குப் பின்

டூரிங் தொடங்கிவைத்த மாற்றம் அவருக்குப் பின் பெருகியது. 1952இல் அமெரிக்கா தேசியப் பாதுகாப்பு முகமை என்னும் மறைமொழி நிறுவனத்தை அமைத்தது. 1962இல் அதற்கெனவே செய்தித்திரளைச் சலிக்கும் ஹார்வெஸ்ட் என்னும் பெருங்கணிப்பொறி நிறுவப்பட்டது. 1970இலும் 1973இலும் பிரிட்டன் மறைமொழித் துறையைச் சார்ந்த ஜேம்ஸ் எல்லிஸும் கிளிஃபர்டு காக்ஸும் புதிய மறைமுறை ஒன்றைக் கண்டனர். பூட்டும் சாவியை ஊரறியத் தந்துவிட்டு, திறக்கும் சாவியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளும் முறை அது. அதனையும் அந்நாடு 1997 வரை மறைத்தே வைத்தது. இதற்கிடையே அமெரிக்க ஆய்வாளர்கள் தாமாகவே அதனைக் கண்டு 1976இலும் 1977இலும் உலகுக்கு அளித்தனர். இன்று வங்கிக் கணக்கையும் கைப்பேசி உரையாடலையும் காப்பதில் இவ்வகை முறைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அரசுகளின் தனிச்சொத்தாயிருந்த மறைமொழி எளியோர் கைக்கும் வந்தது.

மறுபுறம், படைகளின் செய்தியை மட்டும் தேடிய உளவுக் கருவி குடிமக்களின் செய்தியையும் வாரி எடுக்கத் தொடங்கியது. கோடிக்கணக்கான மக்களின் தொலைபேசித் தொடர்பு விவரங்கள் அமெரிக்காவில் திரட்டப்பட்டதை எட்வர்டு ஸ்னோடென் 2013இல் வெளிப்படுத்தினார். 2015இல் இயற்றப்பட்ட சட்டம் அம்மொத்தத் திரட்டலுக்கு முடிவு கட்டியது. 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் நம் உச்சநீதிமன்றம், அந்தரங்கம் அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது.

கருவி பெருகினால் தெளிவும் பெருகும் என்பதற்கும் உறுதியில்லை. ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்க, மூவர் சொல் ஒத்தால் தெளிக என்பது வள்ளுவம். 2003இல் ஈராக்கின் மீது போர் தொடுத்தபோது, அந்நாட்டில் நடமாடும் நுண்ணுயிர்ப் படைக்கல ஆய்வகங்கள் உள்ளன என்ற செய்திக்கு, அயல்நாட்டில் அடைக்கலம் புகுந்த ஒருவர் கூற்றே பெரிதும் ஆதாரமாயிருந்தது. அது பொய் என்பது பின்னர்த் தெரிந்தது. பேரழிவுப் படைக்கலக் குவியல் எதுவும் கிடைக்கவில்லை. அதற்குள் ஒரு நாடே சிதைந்தது. உலகிலேயே வலிய கணிப்பொறிகளை உடைய நாட்டுக்கும் வள்ளுவரின் அச்சிறுவிதி தேவையாகவே இருந்தது.

அறநெறி காட்டும் எல்லை

உளவு முற்றிலும் ஆகாது என நம் மார்க்கம் கூறவில்லை. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் நிகழ்ந்த அகழ்ப் போரின்போது, குளிரும் சூறைக்காற்றும் மிகுந்த இரவில், பகைவர் பாசறையின் நிலையறிந்து வர நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹுதைஃபா (ரலி) அவர்களை அனுப்பிய வரலாறு நாமறிந்ததே. எதிரித் தலைவரை எய்துவிடும் வாய்ப்புக் கிட்டியும், தமக்கு இட்ட கட்டளையின் எல்லையை மீறாமல் செய்தியை மட்டும் அறிந்து அவர்கள் மீண்டார்கள். அதேவேளை, திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத், மக்கள் ஒருவர் மற்றவரின் மறைவுகளைத் துருவி ஆராய்வதைத் தடுத்துள்ளது. படையெடுத்து வரும் பகைவனின் நிலையறிவது வேறு. அண்டை வீட்டாரின் வாழ்வில் எட்டிப்பார்ப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கோட்டை அறநெறியே வரைகின்றது.

டூரிங் எனிக்மாவை அவிழ்த்தது அக்கோட்டின் ஒருபுறம். அவருடைய வாழ்வு துருவப்பட்டது மறுபுறம். அவருடைய ஒழுகலாற்றைச் சமயநெறி எவ்வாறு நோக்கும் என்பது தனிக்கேள்வி. அதற்கு விடை காண்பதற்காகப் பிறர் வீட்டு மறைவைத் துருவும் உரிமை எவர்க்கும் வழங்கப்படவில்லை. துன்புற்ற மனிதருக்காக இரங்குவதை எந்நெறியும் தடுக்கவில்லை.

நிறைவுரை

பொறி பூட்டைத் திறக்கும். எந்தப் பூட்டைத் திறக்கலாம், எதைத் திறக்கலாகாது என்பதைப் பொறி அறியாது. பொறியால் விடைகாணவியலாத வினாக்கள் உண்டு எனக் கணிதத்தால் காட்டியவர் டூரிங். நன்று தீது ஆராயும் வினாவும் பொறியிடம் ஒப்படைக்கத் தக்கதன்று என்பதை அவருடைய வாழ்வே காட்டிச் சென்றது.

கணிப்பொறித் துறையில் பயிலும் நம் மாணவச் செல்வங்கள் நாளை இத்தகைய ஆற்றல் மிக்க பணிகளில் அமரக்கூடும். பிறருடைய செய்திகள் அவர்களுடைய விரல்நுனிக்கு எட்டும் நாள் வரும். அந்நாளில் கற்ற கணிதத்தோடு, கற்ற அறமும் அவர்கள் கையைப் பற்றி நிற்றல் வேண்டும். அரசனுக்கு ஒற்றொரு கண் என்ற வள்ளுவர், நூலே மற்றொரு கண் என்றும் சேர்த்துச் சொன்னது இதனாலேயே போலும். ஒரு கண் எத்துணைக் கூர்மை பெற்றாலும் மற்றொரு கண் மூடியிருப்பின் பார்வை நிறைவுறாது. ஆலன் டூரிங்கின் புகழோடு அவருடைய துயரையும் சேர்த்து நினைவில் வைப்போமாக.